கிளறிற்றா அன்ரி போடாமல் விட்ட பெயர்கள்

கிளறிற்றா அன்ரி ஒரு மரண அறிவித்தல் எழுத உட்காரும்போது முதலில் தேடுவது கத்தரிக்கோலைத்தான். கவுன்சிலில் இருந்தும் மின்சாரக் கம்பனியில் இருந்தும் வந்த கடித உறைகளைச் சமையலறை இழுப்பறையில் சேர்த்து வைத்திருப்பார். அவற்றை விரல் நீளச் சீட்டுகளாக வெட்டி, துக்கத்தோடு வந்திருக்கும் குடும்பத்தின் முன்னால் தள்ளிவிடுவார். ஒரு சீட்டுக்கு ஒரு பெயர். இறந்தவரின் மனைவி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள், மைத்துனர்கள், பேரப்பிள்ளைகள். எல்லாம் எழுதி முடிந்ததும் மேசையில் மூப்பு வரிசைப்படி அடுக்கி, யார் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டு, கனடா, பாரிஸ், சட்டன், வவுனியா என்று அடைப்புக்குறிக்குள் போட்டபடி தட்டச்சு செய்வார். வேலை முடிந்தால் சீட்டுகள் குப்பைக்கூடைக்குப் போகும். சில நாட்களில் ஒன்று மட்டும் போகாது. அதை இரண்டாக மடித்துத் தன் கம்பளிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

அஜந்தா இதை முதலில் கண்டபோது அவளுக்கு எட்டு வயது. லண்டன் பிளேஸ்டோவில் அவர்களுடைய வீட்டுக்கு நேரெதிர் வீட்டின் மேல்மாடிதான் அன்ரியின் குடியிருப்பு. அம்மாவும் அப்பாவும் ஷிப்ட் மாறும் நேரங்களில் அவள் அங்கேதான் இருப்பாள். சீட்டு ஏன் பைக்குள் போகிறது என்று அப்போது அவள் கேட்டதில்லை. அன்ரி சீட்டின் சொந்தக்காரருக்குச் சொல்லும் வசனத்தை மட்டும் கேட்டிருக்கிறாள். அது எப்போதும் ஒரே வசனம்: "இது என்ர கடன். காலம் வரேக்க பேரோட திரும்பப் போடுவன்."

பகலில் அன்ரி ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டறையில் வேலை செய்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தமிழ் தட்டச்சாளராக இருந்தவர். லண்டனுக்கு வந்த புதிதில் பத்திரிகைகளுக்கும், பிறகு இணையத்தளங்களுக்கும் தமிழில் வேகமாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லாதிருந்ததால் இந்த வேலை அவரைத் தேடி வந்தது. கூலி வாங்க மாட்டார். கடதாசிக் கட்டோ பலகாரமோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஒருமுறை சாவீட்டுப் பெடியன் ஒருவன், செத்தவரைவிட இருக்கிறவர்களுக்குத்தானே அன்ரி இதில் இடம் கூடுதல் என்று சொன்னான். அன்ரி தலை நிமிராமலே, "செத்தவர் வாசிக்கப் போறேல்லைத்தானே, தம்பி," என்றார்.

அது உண்மைதான். நம் சனங்கள் மரண அறிவித்தலை இறந்தவருக்காக வாசிப்பதில்லை. யாருடைய பெயர் இருக்கிறது, யாருடையது இல்லை என்று பார்க்கத்தான் வாசிப்பார்கள். ஒரு தம்பியின் பெயர் இல்லையென்றால் அங்கே ஒரு காணிச் சண்டை. ஒரு மருமகளின் பெயர் இல்லையென்றால் அங்கே ஒரு கலியாணச் சண்டை. பிளேஸ்டோவில் இருந்து விம்பிள்டன் வரை அன்றைக்கே அதைக் கதைத்து முடித்துவிடுவார்கள். அஜந்தாவின் அப்பம்மா ஊரில் காலமான 2014ஆம் ஆண்டு, அவளுடைய சித்தப்பா ஸ்ரீதரனின் பெயர் அறிவித்தலில் வரவில்லை. பெற்ற மகனின் பெயரே வரவில்லை. அப்பா சபாரத்தினம்தான் அப்படிச் சொல்லியிருந்தார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "அவனுக்கும் எனக்கும் சரிவராது, விடு," என்றார். காணிதான் காரணம் என்று அம்மா முடிவு செய்தாள். அப்பா மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஸ்ரீதரன் என்ற பெயர் தணிந்த குரலில் மட்டுமே வந்தது.

அஜந்தா அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். அரசியல் படித்தாள். பிறகு பாதுகாப்புக் கொள்கையில் மேற்படிப்பு. படிப்பு முடிந்ததும் தேம்ஸ் கரையோரக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்த சின்ன ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நாடுகள் வெளியிடும் தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கைகளை வாசித்து ஒப்பிடுவது அவள் வேலை. நாற்பத்தொரு நாடுகள். முதல் பக்கம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: மருத்துவமனைகளையும் வங்கிகளையும் தாக்குதலில் இருந்து காப்பது, சிறுவர்களைக் காப்பது, மக்களின் நம்பிக்கையைக் காப்பது. வித்தியாசம் பின்பக்கங்களில்தான் தொடங்கும். 'பொது ஒழுங்கு', 'பொய்யான தகவல்' போன்ற சொற்களுக்கு யார் பொருள் சொல்வது, ஒருவரின் செய்திகளைத் திறந்து பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், கேட்கத்தான் வேண்டுமா? சர்வாதிகாரம் என்ற சொல்லை எந்த நாடும் தன் கொள்கையில் எழுதுவதில்லை. எழுதாமல் விட்ட கேள்விகளில்தான் அது இருக்கிறது என்று அவள் தன் அட்டவணையின் கடைசி நிரலில் குறித்து வைத்தாள்.

அப்பாவுக்கு அவள் வேலையை விளங்கப்படுத்துவது கஷ்டமாக இருந்தது. கொம்பியூட்டர்களைக் காவல் காப்பதற்கு அரசாங்கங்கள் போடும் சட்டங்களை வாசிக்கிறேன் என்றாள். அப்பா பெற்றோல் நிலையத்துச் சட்டையோடு ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கொம்பியூட்டரையோ, சனத்தையோ?" என்று கேட்டார்.

அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் எந்த அனுபவத்தில் இருந்து கேட்டார் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

2023 பெப்ரவரியில் அப்பா வேலைக்குப் புறப்படும்போது வாசலிலேயே சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வருமுன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் பின்னேரம் அம்மா தவநாயகியும் அஜந்தாவும் தெருவைக் கடந்து அன்ரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அன்ரி உறைகளை வெட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்த மேசை. இந்த முறை அதன் எதிர்ப்பக்கத்துக் கதிரை. அஜந்தாவுக்கு அது புதிதாக இருந்தது.

அம்மா ஒவ்வொரு சீட்டாக எழுதினாள். கடைசிச் சீட்டில், கொஞ்சம் யோசித்து, 'ஸ்ரீதரன், கிளிநொச்சி' என்று எழுதினாள். பிறகு அதை மற்றவற்றின் நடுவில் வைத்தாள். அன்ரி அதை எடுத்து இரண்டாக மடித்தார்.

"இது வேண்டாம், தவம்."

"ஏன் அக்கா? கூடப்பிறந்த தம்பி."

"அவர் உயிரோட இருக்கேக்க விட்ட பேர். அப்பிடியே இருக்கட்டும்."

அம்மாவுக்குக் கோபம் வந்ததைவிட அழுகைதான் வந்தது. செத்த பிறகும் அந்தக் காணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா, இனியாவது அந்த மனுசனைச் சகோதரம் என்று சொல்லக்கூடாதா என்று கேட்டாள். அன்ரி காரணம் சொல்லவில்லை. மடித்த சீட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்க எழுந்து போனார். அவர் திரும்பி வருவதற்குள் அஜந்தா அந்தச் சீட்டை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அன்ரிக்குத் திரை சரியாகத் தெரிவதில்லை. இரண்டு வருடமாக அன்ரி அடித்துக் கொடுப்பதை இணையத்தளத்தில் ஏற்றுவது அஜந்தாதான். கடவுச்சொல் அவளிடம் இருந்தது. வீட்டுக்கு வந்து, அறிவித்தலை ஏற்றும்போது, 'அன்புச் சகோதரரும்' என்ற சொல்லுக்கு முன்னால் 'ஸ்ரீதரன் (கிளிநொச்சி)' என்று சேர்த்தாள். எழுத்துகளைச் சரிபார்க்கச் சீட்டை விரித்து இரண்டு தரம் பார்த்தாள். பெரியவர்களின் பிடிவாதம் ஒன்றைத் தன் கையால் நேராக்குகிறோம் என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது. நாற்பத்தொரு நாடுகளின் கொள்கைகள் அதே மடிக்கணினியில்தான் இருந்தன. அவள் கண்ட ஆபத்துகள் எல்லாம் உளவு மென்பொருள், உடைக்கப்பட்ட கடவுச்சொல், ஒட்டுக்கேட்கும் தொலைபேசி என்ற வகை. மரண அறிவித்தல் எந்த நிரலிலும் இல்லை.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, அன்ரி மனம் மாறிப் போட்டிருக்கிறா என்று நினைத்துக் கும்பிட்டாள். அஜந்தா அந்த நினைப்பைத் திருத்தவில்லை.

பதினோராம் நாள் ஊரில் இருந்து அழைப்பு வந்தது. யாரோ ஒருவரின் தொலைபேசியில் இருந்து சித்தி சிவரூபினி பேசினாள். அன்ரி அன்றும் கஞ்சியோடு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். மூவருக்கும் கேட்கும்படி அம்மா தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

சித்தி அழாமல், ஒன்றுவிடாமல் சொன்னாள். புலனாய்வுப் பிரிவினர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கையில் அறிவித்தலின் அச்சுப் பிரதி. யுத்தம் முடிந்து முகாமில் வைத்திருந்தபோது, வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா என்ற கேள்விக்கு ஸ்ரீதரன் ஒருவருமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். லண்டனில் அண்ணன் ஆர்ப்பாட்டங்களில் முன்வரிசையில் நிற்பவர் என்று தெரிந்தால் தன்னை விடமாட்டார்கள் என்ற பயத்தில் சொன்ன பொய். அந்த ஒரு பொய் பதினாலு வருடம் ஒரு கோப்புக்குள் அசையாமல் இருந்தது. அண்ணனும் அதைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஒரு பாதிரியார் கையில் கொடுத்தனுப்பிய கடிதத்தில், இனி நீயும் கதையாதே நானும் கதையேன் என்று எழுதியிருந்தார். காணிச் சண்டை என்று ஒன்று இருந்ததே இல்லை. வந்தவர்கள் 'அன்புச் சகோதரரும்' என்ற வரியில் விரலை வைத்து இது யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவரைக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். பறித்த தொலைபேசி திரும்ப வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்த வேலைக்கு இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணன் செத்த செய்தியே அவருக்கு அந்த அறிவித்தலை வாசித்துத்தான் தெரிந்தது. வாசித்துக்கொண்டு போகும்போது தன் பெயரையும் கண்டிருக்கிறார்.

"அக்கா, நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். ஆர் அந்தப் பேரைப் போட்டது?"

அம்மா அன்ரியைப் பார்த்தாள். அஜந்தா வாயைத் திறந்தாள். சொல் வருமுன்னரே அன்ரி முன்னால் குனிந்து, கஞ்சிப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு, தொலைபேசிக்கு நேராகப் பேசினார்.

"நான்தான் பிள்ளை போட்டனான். கிளறிற்றா. இவையளுக்கு ஒண்டும் தெரியாது."

 மறுபக்கத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. எல்லாம் தெரிந்திருந்தும் ஏன் போட்டீர்கள் என்று. அன்ரி, பிழைதான் தவம், என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அஜந்தா அன்றே அறிவித்தலை எடுத்தாள். ஆனால் அதற்குள் வேறு நாலு தளங்கள் அதைப் பிரதி எடுத்துப் போட்டிருந்தன. அப்பாவோடு வேலை செய்தவர்களும் ஊர்ச் சங்கமும் அதே வரியைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி வெளியிட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கேட்டாள். சிலர் எடுத்தார்கள். சிலர், சகோதரனின் பெயரை எடுக்கச் சொல்லும் நீ என்ன பிள்ளை என்று திருப்பிக் கேட்டார்கள்.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் அன்ரியின் மேல்மாடிக்குப் போனாள். தான் செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் போனாள். அன்ரி கதவைத் திறந்து, வா என்றுவிட்டு, பள்ளிக்கூடத்துச் சீருடையை இஸ்திரி போடத் தொடங்கினார். அவளைச் சொல்ல விடவில்லை.

"எனக்குத் தெரியும். கடவுச்சொல் உன்னட்டை மட்டும்தான் இருக்கு."

"நான் சித்திக்குச் சொல்லப் போறன், அன்ரி."

"சொல்லி? உங்கட வீட்டில இருந்துதான் வந்தது எண்டு தெரிஞ்சா அவள் உன்ர அம்மாவோட பிறகு கதைப்பாளோ? அவையளுக்கு இருக்கிறது நீங்கள்தான். என்னைக் கோவிக்கிறதால ஒருத்தருக்கும் நட்டமில்லை."

அஜந்தா அழுதாள். அன்ரி சமாதானப்படுத்தவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கந்தோரில் வேலை செய்த காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். நிவாரணம் கொடுப்பதற்காகக் குடும்பப் பட்டியல்கள் அடிப்பது அப்போது அவர் வேலை. அவருடைய தட்டச்சு இயந்திரத்தில் 'ம' எழுத்து எப்போதும் வரியில் இருந்து ஒரு மயிரிழை மேலே ஏறி நிற்கும். திருத்தக் கொடுத்தும் திருந்தவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு ஒரு சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றபோது, படைவீரன் ஒருவன் தட்டச்சடித்த பட்டியல் ஒன்றில் அடிமட்டக் கோலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு போக, பக்கத்தில் நின்ற ஒருவன் பெயர்களை வாசித்துச் சொன்னான். அன்ரி எட்டிப் பார்த்தார். 'ம' மேலே ஏறி நின்றது.

"பால்மாவுக்கு எண்டு அடிச்ச லிஸ்ட்," என்றார் அன்ரி. "எனக்கு முன்னால நிண்ட பொடியனை அதில பார்த்துத்தான் இழுத்தெடுத்தவங்கள்."

அதற்குப் பிறகுதான் சீட்டுகள். ஒருவர் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லும் காரணம் இன்னொரு காதுக்குப் போகக்கூடாது என்பது அவர் தனக்குத் தானே போட்ட சட்டம். அப்பா 2014இல் அந்த மேசையில் இருந்து சொன்னதை அம்மாவுக்குக்கூட அவர் சொல்லவில்லை. அஜந்தா அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குள் ஒரு கசப்பான கேள்வி எழுந்தது: அம்மாவுக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா? காவல் இருக்கிறது என்பதையே அறியாதவர்கள் கையில் சாவியைக் கொடுப்பது காவலா? கேட்க வாய் வந்தது. ஆனால் தான் திருடிய சீட்டு இன்னும் தன் கைப்பையில் இருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. அன்ரி சீட்டைக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

செய்தி பரவ ஒரு வாரம்கூட எடுக்கவில்லை. கிளறிற்றா போடக்கூடாத பெயரைப் போட்டு ஒரு மனுசனைப் பிடித்துக் கொடுத்துவிட்டா என்று கோயிலிலும் மாதாவின் திருநாளிலும் கதைத்தார்கள். கண் தெரியாத காலத்தில் ஏன் இந்த வேலை என்றார்கள். சிலர் அதைவிட மோசமாகவும் சொன்னார்கள். மேசைக்கு ஆட்கள் வருவது குறைந்தது, பிறகு நின்றது. அன்ரி உறைகளை வெட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. பின்னேரங்களில் அஜந்தா போனால், இழுப்பறை வெற்றுச் சீட்டுகளால் நிறைந்திருக்கும்.

அந்த வருடக் கடைசியில் அவளுடைய அறிக்கை தயாரானது. அட்டவணைகளும் சட்டப் பிரிவுகளும் மட்டும் போதாது, உண்மையான ஒரு சம்பவம் வேண்டும் என்று மேலாளர் பவித்திரன் கேட்டார். மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், நல்ல மனுசன். அவள் எட்டு வரிகள் எழுதினாள். பெயர் இல்லை, ஊர் இல்லை, நாடும் இல்லை. ஓர் அரசுக்கு எப்போதும் கணினிகளை உடைக்கத் தேவையில்லை, மக்கள் அன்பினால் தாங்களே வெளியிடும் பட்டியல்கள் போதும் என்று அந்த வரிகள் காட்டின. பவித்திரன் வாசித்துவிட்டு அறிக்கையின் உயிரே இதுதான் என்றார்.

அச்சுக்குப் போகும் நாளில் அவள் அதைத் திரும்ப வாசித்தாள். யுத்தத்துக்குப் பிந்திய முகாம், படிவத்தில் ஒரு பொய், பதினாலு வருடம், கூட்டுறவுச் சங்க வேலை, அண்ணனின் மரணம். கோப்பு வைத்திருப்பவனுக்குப் பெயர் எதற்கு? அந்த எட்டு வரிகளையும் எடுக்க வேண்டும் என்றாள்.

பவித்திரனுக்கு விளங்கவில்லை. "பேரு, ஊரு எல்லாம் எடுத்தாச்சே. இன்னும் என்னலா பயம்?"

"மிச்சம் இருக்கிறதே காணும், ஆளைப் பிடிக்க," என்றாள் அவள்.

அறிக்கை அந்த வரிகள் இல்லாமலே வெளிவந்தது. வழக்கம்போல் சில அலுவலகங்களின் அலுமாரிகளுக்குப் போனது. அவளுக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியது. சித்தப்பாவுக்காக எடுத்தாளா, அல்லது அந்த வரிகளில் 'குடும்பத்தில் ஒருவர்' என்று வரும் ஆள் தான்தான் என்பதாலா? பெயரை ஒளிப்பதில் இரண்டு வகை இருக்கிறது. அன்ரி ஒளித்தது ஒரு வகை. அவள் இவ்வளவு மாதமும் அம்மாவிடம் ஒளித்தது வேறு வகை.

2024 கார்த்திகையில் அன்ரி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று அங்கிருந்து பங்குத்தந்தைக்கு அறிவித்தார்கள். அவர் போய்க் கதவைத் திறப்பித்தபோது அன்ரி மாரடைப்பில் இறந்து கிடந்தார். அவசரத்துக்கு அழைக்கும்படி அன்ரி சுவரில் எழுதி ஒட்டியிருந்தது அஜந்தாவின் பெயர். மாதா சுரூபத்துக்குக் கீழே ஒரு பிஸ்கற் ரின் இருந்தது. அதன் மேல் ஒட்டிய உறையில் ஒரே ஒரு சீட்டு: 'கிளறிற்றா. பிளேஸ்டோ.' அவருடைய அறிவித்தலுக்கு அவர் எழுதி வைத்த பெயர் அவ்வளவுதான். மன்னாரில் ஒரு தங்கை குடும்பம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு அவர் சீட்டு எழுதவில்லை. அஜந்தா அந்த ஒரு பெயரோடுதான் அறிவித்தலை ஏற்றினாள்.

அடக்கத்துக்கு அம்மா வரமாட்டேன் என்றாள். அந்த மனுசி செய்ததை மறக்க ஏலாது, செபம் வேண்டுமானால் வீட்டில் இருந்து செய்கிறேன் என்றாள். அஜந்தா கறுப்புச் சட்டையோடு வாசலில் நின்றாள். கைப்பையைத் திறந்து, ஓரங்கள் தேய்ந்த சீட்டை எடுத்து மேசையில் விரித்து வைத்தாள். அம்மாவின் கையெழுத்து.

"அம்மா, அன்ரி போடேல்லை. நான்தான் போட்டனான்."

அம்மா சீட்டைத் தொடவில்லை. குனிந்து தன் எழுத்தை வாசித்தாள். இருபத்தொரு மாதமாக எதிர்வீட்டு யன்னலைப் பார்க்காமல் திரைச்சீலையை மூடி வைத்திருந்தவள். ஏசுவாள் என்று அஜந்தா காத்திருந்தாள்.

"எழுதிக் குடுத்தது நான்," என்றாள் அம்மா கடைசியில். பிறகு எழுந்து, அப்பாவின் சாவுக்குப் போட்ட அதே கோட்டை எடுத்துப் போட்டாள். தெருவைக் கடக்கும்போதுதான் மெதுவாகக் கேட்டாள், "சிவரூபினிக்கு இதை என்னண்டு சொல்லுறது?"

அதற்கு வழியிருக்கவில்லை. அங்கே ஒலிக்கும் தொலைபேசி எதையும் நம்ப ஏலாது. லண்டனில் இருந்து போகும் ஒவ்வொரு சொல்லும் சித்தப்பாவை இன்னொரு கேள்விக்குக் கொண்டுபோய் நிறுத்தும். பதினாலு வருடம் அண்ணனும் தம்பியும் பேசாமல் இருந்ததுபோல, இந்த உண்மையும் பேசாமல் இருக்க வேண்டும். அங்கே அவர்கள் அன்ரியைத் திட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

மாதா கோயிலில் இருபது பேர்கூட இல்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது சட்டனில் இருந்து மூன்று வாகனம் மாறி வந்த முதியவர் ஒருவர் அஜந்தாவைத் தேடி வந்தார். பெயர் செபமாலைமுத்து என்றார். 2011இல் தன் மனைவியின் அறிவித்தலை எழுத வந்தபோது, ஊரில் இருந்த மகனின் பெயரை அன்ரியிடம் சீட்டாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். தாயின் அறிவித்தலில் மகனின் பெயர் வராத கவலை தனக்கு இன்னும் ஆறவில்லை என்றார்.

"அவ காலம் வரேக்க போடுவன் எண்டு சொன்னவ, பிள்ளை. அந்தச் சீட்டு இருக்கோ?"

அஜந்தா ரின்னை வாகனத்தில் கொண்டு வந்திருந்தாள். கோயில் மண்டபத்து மேசையில் கொட்டினாள். அறுபத்தொரு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு கையெழுத்தில் ஒரு பெயர், ஓர் ஊர். யாருடைய சாவுக்கு எழுதியது, யார் எழுதியது, ஏன் விட்டது என்று ஒன்றும் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர் அப்போதுதான் மண்ணுக்குப் போகக் காத்திருந்தார். செபமாலைமுத்து கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொன்றாகப் புரட்டி, தன் கையெழுத்தைக் கண்டுபிடித்தார். சீட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் எடுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று அஜந்தா நினைத்தாள். அவர் அதைத் திரும்ப மடித்து ரின்னுக்குள் போட்டார்.

"இன்னும் காலம் வரேல்லை," என்றார். "ஆனா நீங்கள் போடுவியள்தானே?"

 நாற்பத்தொரு நாடுகளின் கொள்கைகளை வாசித்தவளுக்கு அந்தக் காலம் எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் மற்ற அறுபது பேரும் யாருக்கு மகன், யாருக்குத் தங்கை என்று அவளால் கண்டுபிடிக்க ஏலுமா என்றும் தெரியாது. சீட்டுகளை அள்ளி ரின்னுக்குள் வைத்தாள். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையில் வீட்டில் இருந்து எடுத்து வந்த அந்தத் தேய்ந்த சீட்டு இருந்தது. அதை மற்றவற்றின் மேல் வைத்து மூடியை அழுத்தினாள்.

அறுபத்திரண்டு.